கோச்சைக் கேளுங்கள்: பந்து கைக்கு வந்ததும் எங்கே ஓடுவது?

போன இதழில் கூடைப்பந்தில் ஃபாஸ்ட் பிரேக் (பந்து கைக்கு வந்ததும், எதிரணி திரும்பி வருவதற்குள் ஓடிப் போய்க் கூடை போடுவது) பற்றி ரெண்டு பத்தி எழுதப்போக, இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சேர்த்து எட்டு பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் பதிலும் இதற்குள்ளேயே எங்காவது இருக்கும்.

கேள்வி: அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். 17 வயதுக்குட்பட்டோர் அணி. பிள்ளைகள் நன்றாக ஓடுகிறார்கள். ஆனால் ஒருத்தி ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுத்ததும் மற்ற நாலு பேரும் அவளை நோக்கி ஓடி வந்து "எனக்குக் கொடு, எனக்குக் கொடு" என்று சுற்றி நின்றுவிடுகிறார்கள். ஐந்து செட் பிளே (யார் எங்கே போவது என்று முன்கூட்டியே வகுத்த ஆட்டம்) சொல்லிக் கொடுத்தேன், மேட்சில் ஒன்றுமே ஞாபகம் வருவதில்லை. செட் இல்லாமல் தானாக ஓடி ஆடுவதை எப்படிச் சொல்லித் தருவது? — வாசகி, மன்னார்குடி

டீச்சர், முதலில் அந்த ஐந்து செட் பிளேயையும் மூட்டை கட்டி வையுங்கள். குறுவட்டப் போட்டி முடியும்வரை அவிழ்க்க வேண்டாம். செட் பிளே தப்பு என்று சொல்லவில்லை, அது எதிரணி ஐந்து பேரும் திரும்பி வந்து நின்ற பிறகு ஆடுவதற்கு. உங்கள் பிள்ளைகளுக்குச் சிக்கல் அதற்கு முன்னால், பந்து கைமாறிய உடனே வரும் இரண்டு மூன்று நொடியில். அந்த நேரத்தில் மூன்றாம் நம்பர் பிளே என்ன என்று யோசிப்பவள் ஏற்கெனவே பிந்திவிட்டாள்.

தானாக ஓடுகிற ஆட்டம் என்றதும் சிலர் "அவங்க இஷ்டத்துக்கு விட்டுடணும்" என்று புரிந்துகொள்கிறார்கள். நம்ம ஊர் வாய்க்காலைப் பாருங்கள், தண்ணீர் தானாகத்தான் போகிறது, ஆனால் யாரோ முன்னாடியே தூர்வாரி கரை கட்டியதால்தான் வயலுக்குப் போகிறது. எந்த வழியாக ஓடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எப்போது ஷூட் பண்ணுவது என்பதையெல்லாம் பிள்ளைகள் முடிவு செய்யட்டும்.

வழி என்று நான் சொல்வது இவ்வளவுதான். ஆளின் பெயரையோ பொசிஷனையோ வைத்து வழி பிரிக்காதீர்கள், பந்து கைமாறும்போது யார் எங்கே நிற்கிறாள் என்பதை வைத்துப் பிரியுங்கள். இடப்பக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவள் இடப்பக்கம், வலப்பக்கம் இருப்பவள் வலப்பக்கம், ரெண்டு பேரும் கோட்டை ஒட்டினாற்போல கார்னர் வரைக்கும் ஓட வேண்டும். எல்லோருக்கும் முன்னால் இருப்பவள் நேராக ரிங்குக்குப் போவாள், பாதிக் கோட்டைத் தாண்டியதும் தோளுக்கு மேலே திரும்பிப் பந்தைத் தேடுவாள். பந்து வாங்க வருகிறவள் ரீபவுண்ட் எடுத்தவள் இறங்கிய பக்கத்திலேயே, முதுகு சைடுலைனைப் பார்க்க, மொத்தக் கோர்ட்டும் கண்ணில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். ரீபவுண்ட் எடுத்தவள் பாஸ் கொடுத்துவிட்டுக் கடைசியாக வருவாள், அவள்தான் டிரெய்லர். ரெண்டு பேர் ஒரே வழியில் போய்விட்டால் பின்னால் இருப்பவள் மாற வேண்டும், ஏனென்றால் அவளுக்குத்தான் முன்னால் இருப்பவள் தெரியும்.

கோர்ட்டின் அகலம் 15 மீட்டர். ஓரத்தில் ஓடுகிறவர்கள் உண்மையிலேயே ஓரத்தில் ஓடினால், திரும்பி வந்த இரண்டு டிஃபெண்டர்களால் அந்த 15 மீட்டரையும் காக்கவே முடியாது. ஆனால் பிள்ளைகள் ஓரத்தில் ஆரம்பித்து, பாதிக் கோட்டுக்கு வந்ததும் பந்து இருக்கும் பக்கம் வளைந்துவிடுவார்கள். பந்து இழுக்கும், அது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே சாக்பீஸால் இன்னொரு கோடு போட்டு, அதைத் தாண்டி உள்ளே வந்தால் அந்தக் கூடை செல்லாது என்று ஒரு வாரம் ஆட விடுங்கள். பேசிப் புரியவைக்கத் தேவையே இருக்காது.

இன்னொன்றையும் நாளைக்கே கவனித்துப் பாருங்கள். எதிரணி ஷூட் பண்ணியதும் உங்கள் பிள்ளைகளின் காலைப் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். பந்து காற்றில் போகும்போது அநேகமாக எல்லோரும் குதிகால் தரையில் பட, தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து நம் கைக்கு வந்தது உறுதியானதும் ஒருத்தி திரும்புவாள், அப்புறம் மெதுவாக வேகம் எடுப்பாள். அந்தத் திரும்புதலும் முதல் மூன்று அடியும்தான் பிரேக். நூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயித்த பெண்ணும் அந்த மூன்று அடியைத் தூங்கிக்கொண்டே வைத்தால் பயனில்லை. அதே சமயம் ரீபவுண்ட் வருவதற்கு முன்னாலேயே ஐந்து பேரும் பறந்துவிட்டால் பந்தே கிடைக்காது. ஷாட் போனதும் முதலில் ஆளைத் தடுத்து நிற்க வேண்டும், பந்து கையில் விழுந்த சத்தம் கேட்டதும் தலை திரும்ப வேண்டும்.

டிரில் கேட்பீர்கள். எனக்குப் பிடித்தது மூன்றுக்கு இரண்டு, அப்படியே திரும்பி இரண்டுக்கு ஒன்று. மூன்று பேர் தாக்குகிறார்கள், இரண்டு பேர் தடுக்கிறார்கள். ஷூட் பண்ணியவள் அடுத்த நொடியே திரும்பி ஓடித் தனியாளாக டிஃபன்ஸுக்கு நிற்க வேண்டும், தடுத்த ரெண்டு பேரும் பந்தை எடுத்துக்கொண்டு அவள் மேல் வருவார்கள். இதில் பார்க்க வேண்டிய இடம் நடுவில் பந்தோடு வருகிறவள். டிஃபெண்டர்கள் வழக்கமாக ஒருத்தி முன்னாலும் ஒருத்தி ரிங்குக்கு அடியிலுமாக நிற்பார்கள். நடுவில் வருகிறவள் ஆசைப்பட்டு ரிங்குக்கு அடிவரை டிரிபிள் பண்ணிக்கொண்டு (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு) போனால் மூன்று பேரும் ஒரே இடத்தில் குவிந்து, இரண்டு பேரே மூன்று பேரையும் பிடித்துவிடுவார்கள். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கிட்டே நின்று, முன்னால் இருக்கும் டிஃபெண்டரைத் தன் மேல் வரவைத்து, ஒரு பக்கம் பாஸ் கொடுத்து, அந்தப் பக்கமே ஒரு அடி நகர வேண்டும். பின்னால் இருந்த டிஃபெண்டர் பந்து போன விங்குக்கு (ஓரத்துக்கு) ஓடுவாள். இப்போது எதிர் விங் ஃப்ரீயா, நடுவில் இருப்பவள் ஃப்ரீயா என்பதை பந்து வைத்திருப்பவள் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லக் கூடாது. இரண்டுக்கு ஒன்றில் ரெண்டு பேரும் கீயின் (ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட கட்டத்தின்) இரண்டு ஓரத்திலும் அகலமாக வந்தால் போதும், டிஃபெண்டர் ஒரு பக்கம் சாயும்வரை பந்தை விடாதே என்று மட்டும் சொல்லுங்கள்.

பிள்ளைகள் நிறைய, கோர்ட் ஒன்றே ஒன்று என்றால் பதினோரு பேர் டிரில் இருக்கிறது. மூன்று பேர் இரண்டு பேர் மேல் போவார்கள். அந்த முனையில் ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொருத்தி அவுட்லெட்டுக்கு (ரீபவுண்ட் எடுத்தவள் கொடுக்கும் முதல் பாஸுக்கு) காத்திருப்பாள். ஐந்து பேரில் யார் ரீபவுண்ட் எடுத்தாலும் அவளும் ஓரத்தில் நின்ற ரெண்டு பேரும் சேர்ந்து எதிர்முனைக்கு ஓட வேண்டும், அங்கே வேறு ரெண்டு பேர் தடுக்கக் காத்திருப்பார்கள், ஓரத்திலும் ரெண்டு பேர் தயாராக நிற்பார்கள். முடிவே இல்லாமல் போகும். யாரும் வரிசையில் நின்று கதை பேச நேரம் இருக்காது.

மூன்று பேர் பின்னல் போட்டு ஓடும் அந்தப் பழைய வீவ் டிரில் எல்லாக் கிரவுண்டிலும் நடக்கிறது. வார்ம்-அப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எதிரில் ஆளே இல்லாமல், பாஸ் கொடுத்தவளுக்குப் பின்னால் சுற்றி ஓடுவதை எந்த மேட்சிலும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் பையனுக்கு 15 வயது, ஆறடிக்கு மேல் இருக்கிறான். ரீபவுண்ட் எடுத்ததும் "கார்டுக்குக் கொடுத்துட்டு நில்லு, நீ டிரிபிள் பண்ணாதே" என்று சொல்லி வளர்க்கிறார்கள் (கார்டு என்றால் பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரன்). உயரமான பையன் பந்தோடு ஓடவே கூடாதா? — கும்பகோணத்திலிருந்து ஒரு அப்பா

ஓடலாம் சார், ஓடத்தான் வேண்டும். எதிரில் யாரும் இல்லை என்றால் ரீபவுண்ட் எடுத்தவனே பந்தோடு கிளம்புவதுதான் இருப்பதிலேயே வேகமான பிரேக், ஏனென்றால் ஒரு பாஸ் மிச்சம். அமெரிக்காவின் என்.பி.ஏ. தொழில்முறை லீக்கில் ஆடிய மேஜிக் ஜான்சன் 206 சென்டிமீட்டர் உயரம், ஆடியது பாயின்ட் கார்டு. 1980 ஃபைனலின் ஆறாவது ஆட்டத்தில் அணியின் சென்டர் (ரிங்குக்குக் கிட்டே ஆடும் உயரமான ஆள்) கரீம் அப்துல்-ஜப்பார் காயம்பட்டு வர முடியாமல் போனபோது, தானே சென்டராக ஆட்டத்தைத் தொடங்கி 42 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 20, அதுதான் அவருடைய முதல் சீசன். சின்ன வயதில் யாராவது "நீ உயரம், டிரிபிள் பண்ணாதே" என்று தடுத்திருந்தால் அப்படி ஒரு ஆட்டக்காரர் வந்திருக்கவே மாட்டார்.

ஆனால் உங்கள் கோச் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. பையன் பந்தை எடுத்துக் கீழே இறக்கினால் பக்கத்தில் இருக்கும் குட்டைப் பையன் தட்டிப் பறித்துவிடுவான். பந்தைத் தாடைக்குக் கீழே முழங்கை அகல வைத்துப் பிடிக்கவும், இறங்கும்போதே இடுப்பை சைடுலைன் பக்கம் திருப்பவும் முதலில் பழகட்டும். முதலில் தூரத்தில் பார்க்க வேண்டும், முன்னால் ஒருவன் தனியாக ஓடினால் நீளமாக எறிய வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் நிற்பவனுக்குக் கொடுக்க வேண்டும், ரெண்டும் இல்லையென்றால் தானே ரெண்டு டிரிபிளில் நெரிசலை விட்டு வெளியே வர வேண்டும். என்.பி.ஏ. சென்டர் நிகோலா யோகிச் இன்று ரீபவுண்ட் எடுத்த வேகத்தில் எதிர்முனைக்கு எறியும் பாஸ்களைப் போனிலேயே போட்டுக் காட்டுங்கள். எங்கே பார்க்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோச்சிடம் நீங்கள் போய்ச் சண்டை போட வேண்டாம். பையனே "பிராக்டிஸில் மட்டும் விடுங்க சார்" என்று கேட்கட்டும்.

கேள்வி: நான் எழுபதுகளில் ஆடியவன். ஷூட் பண்ண 24 நொடி கையில் இருக்கும்போது ஆறாவது நொடியில் பந்தை எறிந்துவிட்டுத் திரும்பி ஓடுகிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். நின்று, பந்தைச் சுற்றவிட்டு ஆடுவதில் என்ன குறை? — திருவாரூர் வாசகர்

ஐயா, நீங்கள் ஆடிய காலத்தில் சர்வதேச விதியில் 30 நொடி இருந்தது, மூன்று புள்ளிக் கோடும் கிடையாது, அது 1984-ல்தான் வந்தது. 30 நொடி 24 ஆனதும், பாதிக் கோட்டைத் தாண்ட 10 நொடி இருந்தது 8 ஆனதும் 2000-ல். ஆக, பந்தைச் சுற்றவிட இருந்த நேரத்தை விதியே குறைத்துவிட்டது. நிறுத்தி ஆடுவதன் எல்லை என்ன என்பதையும் ஒரு ஆட்டம் காட்டியது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19க்கு 18 என்று ஜெயித்தது. முழு ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான் அந்த ஸ்கோர்! பந்தை வைத்துக்கொண்டு நிற்பதே தந்திரமாகிப் போனதால் 1954-ல் என்.பி.ஏ. 24 நொடி கடிகாரத்தைக் கொண்டுவந்தது.

ஆனால் உங்கள் எரிச்சலில் பாதி சரி என்பேன். வேகமாக வருவது வேறு, அவசரமாக ஷூட் பண்ணுவது வேறு. பால் வெஸ்ட்ஹெட் பயிற்சியில் அமெரிக்காவின் லயோலா மேரிமவுன்ட் கல்லூரி 1989-90 சீசனில் ஒரு ஆட்டத்துக்கு சராசரி 122.4 புள்ளி எடுத்தது, அதுவும் 40 நிமிட ஆட்டத்தில். கோச் மைக் டி'அன்டோனியின் என்.பி.ஏ. அணி ஃபீனிக்ஸ் சன்ஸ் முந்தைய வருடம் 29 வெற்றி, ஸ்டீவ் நாஷ் வந்த 2004-05-ல் 62 வெற்றி. ஏழு நொடிக்குள் ஷாட் என்று அவர்களைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் நாஷ் பந்தோடு ரிங்குக்கு அடியில் போய்விட்டு, வழி அடைத்திருந்தால் ஷூட் பண்ணாமல் டிரிபிளை விடாமலேயே மறுபக்கம் வெளியே வந்துவிடுவார். அதை யாரும் காப்பியடிப்பதில்லை, சீக்கிரம் ஷூட் பண்ணுவதை மட்டும் காப்பியடிக்கிறார்கள்.

பள்ளி அணிகளுக்கு என் கணக்கு இது: முதல் ஐந்து ஆறு நொடியில் லே-அப் (ரிங்குக்குக் கிட்டே ஓடிப் போய்ப் போடும் ஷாட்) கிடைத்தால் போடு, கார்னரில் ஃப்ரீயாக நிற்பவள் பிராக்டிஸில் அந்த ஷாட்டை ஒழுங்காகப் போடுகிறவள் என்றால் போடு. மற்றதெல்லாம் இன்னொரு பாஸ். இரண்டு பேர் மறைக்க, ஓடி வந்த வேகத்தில் எறியும் ஷாட்டை நான் ஷாட் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, பந்தைப் பறிகொடுத்த கணக்கில் எழுதிவிடுவேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்காது.

கேள்வி: வேகமாகப் போய் லே-அப் போடும்போதெல்லாம் ரெஃப்ரி டிராவல் (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடுதல் ஸ்டெப் வைப்பது) ஊதுகிறார். நான் ரெண்டு ஸ்டெப்தான் வைக்கிறேன் சார். — பட்டுக்கோட்டை மாணவன்

தம்பி, சர்வதேச விதியில் 2017 அக்டோபரில் வந்த மாற்றம் உனக்குச் சாதகம்தான். ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது, அல்லது டிரிபிளை முடித்துப் பந்தைக் கையில் எடுக்கும்போது, ஒரு கால் தரையில் இருந்தால் அது பூஜ்யம். அதற்கு அப்புறம் ஒன்று, இரண்டு. ரெண்டு காலும் காற்றில் இருக்கும்போது பந்தைப் பிடித்தால் அந்தப் பூஜ்யம் உனக்குக் கிடையாது, இறங்குகிற கால்தான் ஒன்று. வேகத்தில் வருகிற பல பேர் பந்தைச் சீக்கிரமே ரெண்டு கையிலும் அள்ளிவிடுவார்கள், அங்கேதான் மூன்றாவது ஸ்டெப் வந்துவிடுகிறது. கடைசி டிரிபிளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி அடித்து, தாமதமாக அள்ளிப் பார்.

பாஸ் வாங்கி ஓட ஆரம்பிக்கும்போது வேறு கணக்கு. இரண்டாவது ஸ்டெப் வைப்பதற்கு முன் பந்து கையை விட்டுத் தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். உன்னை ஊதுவது ஒருவேளை இதற்காகவும் இருக்கலாம், யாரையாவது போனில் பக்கவாட்டிலிருந்து மெதுவோட்டத்தில் எடுக்கச் சொல்லிப் பார்.

அப்புறம், உனக்கும் ரிங்குக்கும் நடுவில் யாருமே இல்லாதபோது பின்னாலோ பக்கத்திலோ இருந்து ஒருவன் இடித்து நிறுத்தினால் அது சாதாரண ஃபவுல் இல்லை, அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக். கூடை விழாமல் போனால் உனக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ, அது முடிந்து பந்தும் உங்களுக்கே. ரெஃப்ரியிடம் கேட்பதை கேப்டன் கேட்கட்டும், மரியாதையாக.

கேள்வி: கல்லூரி அணியில் ஆடுகிறோம். நாங்கள் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எதிரணி திரும்பி வந்துவிடுகிறது. அப்புறம் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறோம், ஆட்டம் செத்துவிடுகிறது. — தஞ்சாவூரிலிருந்து சில மாணவர்கள்

நிற்கிறீர்களே, அதுதான் தப்பு. திரும்பி வந்தவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் ரிங்கைக் காக்க கீக்குள் ஓடியிருப்பார்கள், "நீ அவனைப் பிடி, நான் இவனைப் பிடிக்கிறேன்" என்று கை நீட்டிக்கொண்டிருப்பார்கள், சில சமயம் அவர்களுடைய குட்டை கார்டு உங்கள் உயரமான ஆளைப் பிடித்துக்கொண்டிருப்பான். இதைவிட நல்ல நேரம் உங்களுக்கு வராது. கடைசியாக வருகிற டிரெய்லரை அப்போது யாரும் கவனிப்பதே இல்லை. விங்கிலிருந்து அவனுக்குப் பந்து, அவனிடமிருந்து எதிர்ப்பக்கம், ஐந்து டிஃபெண்டர்களும் அகலத்துக்கு ஓட வேண்டும், அந்த ஓட்டத்தின் நடுவில் எதிர்ப்பக்கத்தவன் உள்ளே புகுந்து போகலாம். அமெரிக்காவின் நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த டீன் ஸ்மித் இதைத்தான் செகண்டரி பிரேக் என்று வளர்த்தெடுத்தார், பிரேக்குக்கும் செட்டுக்கும் நடுவில் நிற்காமல் ஓடும் ஒரு கட்டம். இன்னொரு வழி, டிரெய்லர் வந்த வேகத்திலேயே பந்து வைத்திருப்பவனைப் பிடிக்கும் டிஃபெண்டருக்கு ஒரு ஸ்கிரீன் போடுவது, அதாவது குறுக்கே நின்று அவன் வழியை மறைப்பது. டிஃபன்ஸ் பேசி முடிவெடுப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும்.

பிராக்டிஸில் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்: பந்து ஒருவன் கையில் சும்மா ரெண்டு நொடிக்கு மேல் இருந்தால் எதிரணிக்குப் பந்து. பாஸ், டிரைவ், ஷாட், மூன்றில் ஒன்று. முதல் ரெண்டு மூன்று நாள் கண்றாவியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிரணி கூடை போட்ட பிறகும் ஓடலாம் என்பதைப் பல அணிகள் மறந்துவிடுகின்றன. நாலாவது குவார்ட்டரின் கடைசி ரெண்டு நிமிடமும் எக்ஸ்ட்ரா டைமின் கடைசி ரெண்டு நிமிடமும் தவிர, கூடை விழுந்தால் கடிகாரம் நிற்காது. எதிரணி கை தட்டிக்கொண்டிருக்கும்போதே எண்டுலைனுக்கு வெளியே போய்ப் பந்தை உள்ளே எறியலாம், எறிகிறவன் அந்தக் கோட்டு நெடுக ஓடவும் செய்யலாம். யார் எடுத்து எறிவது என்று ஒருவனை முன்னாடியே வைத்துக்கொள்ளுங்கள், அவனவன் மற்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்தான் அந்த வாய்ப்பு போகிறது.

கேள்வி: நான் ஓரத்திலிருந்து சத்தம் போட்டால்தான் எங்கள் பையன்கள் ஓடுகிறார்கள். வாயை மூடினால் நின்றுவிடுகிறார்கள். என்ன செய்ய? — பயிற்சியாளர், நாகப்பட்டினம்

சத்தம் போட்டுப் பழக்கியதால் சத்தத்துக்கு ஓடுகிறார்கள். "ரைட்ல குடு!" என்று நீங்கள் கத்தி, அது அவன் காதில் விழுந்து, அவன் தலையைத் திருப்புவதற்குள் ரைட்டில் ஆள் வந்துவிடுவான். அப்புறம் அவன் அங்கேயே கொடுப்பான், கோச் சொல்லிவிட்டாரே. பந்து பறிபோகும், அதற்கும் திட்டு விழும். இப்படிக் கொஞ்ச நாள் ஆடிய பையன் கோர்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். ஆட்டத்தின் நடுவே கண் அடிக்கடி பெஞ்சுப் பக்கம் போகிற பையன்களை நாகப்பட்டினத்தில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

பிராக்டிஸ் மேட்சில் ஒரு குவார்ட்டர் முழுக்க வாயைத் திறக்காமல் உட்காருங்கள். கஷ்டம்தான், எனக்கும் விசிலை ஜிப் பைக்குள் போட்டு மூடினால்தான் முடிகிறது. முடிந்ததும் திட்டாமல் கேளுங்கள்: "அந்தப் பந்தை எடுத்தப்ப உனக்கு யார் தெரிஞ்சா?" ரொம்பப் பேர் "யாரும் தெரியல சார்" என்பார்கள். அது உண்மை, பொய் இல்லை, அவன் டிரிபிள் பண்ணும்போது பந்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அப்படியானால் அவனுக்குத் தேவை தலை நிமிர்ந்து டிரிபிள் பண்ணும் பயிற்சி. "ரெண்டு பேர் தெரிஞ்சாங்க, யாருக்குன்னு குழம்பிட்டேன்" என்பவனுக்கு வேறு மருந்து, மூன்றுக்கு இரண்டை இன்னும் நிறைய ஆட வேண்டும். கத்திக்கொண்டே இருந்தால் இந்த வித்தியாசம் உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

சொல்வதற்குப் பதிலாக ஸ்கோரை மாற்றுங்கள். பந்து கைமாறி ஆறு நொடிக்குள் விழும் லே-அப்புக்கு மூன்று புள்ளி, டிரிபிள் இல்லாமல் பாதிக் கோட்டைத் தாண்டிய பந்தில் விழும் கூடைக்கு ஒரு புள்ளி கூடுதல், கைவிட்ட பந்துக்கு ஒரு புள்ளி கழிவு. இந்தக் கழிவை மட்டும் மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் கிரவுண்டு முழுக்கப் பந்து பறக்கும். இதெல்லாம் பிராக்டிஸில்தான். மேட்சில் டைம்-அவுட்டில் பேசுங்கள், டிஃபன்ஸுக்குச் சத்தம் கொடுங்கள். பந்து நம் கையில் இருக்கும்போது மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் சிமென்ட் கோர்ட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். சித்திரையில் கால் வைக்க முடியாத சூடு. ஓடி ஆடும் ஆட்டத்தை டெல்டாவில் எப்போதுதான் பழக்குவது? — மயிலாடுதுறை வாசகர்

அடைமழையில் கோர்ட் பக்கமே போகாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகும் பாசி பிடித்திருக்கும், தேய்த்துக் கழுவிக் காயாமல் யாரையும் ஓட விட வேண்டாம், முழங்கால் போனால் ஒரு வருடம் போச்சு. அந்த மாதங்களில் பள்ளி வராந்தா போதும். ரீபவுண்ட் எடுத்த மாதிரி குதித்து, காற்றிலேயே இடுப்பைத் திருப்பி, இறங்கி, ஒரே கையால் நீளமாக எறிவதை வராந்தா நீளத்துக்குப் பழகலாம். கூட்ட அரங்கில் சாக்பீஸால் கோர்ட்டைச் சின்னதாக வரைந்து ஐந்து பேரை நடக்கவிடுங்கள். நீங்கள் "ரீபவுண்ட், இடது" என்றதும் ஒவ்வொருத்தரும் எந்த வழி என்று நடந்து காட்ட வேண்டும், ஓட வேண்டியதில்லை. மேட்ச் வீடியோவைப் போட்டு, பந்து கைமாறும் நொடியில் நிறுத்தி, "இப்ப நீ இவன்னா எங்கே போவே?" என்று கேளுங்கள். மழை மாதத்தில் இதை ஒழுங்காகச் செய்த அணி தை மாதம் கோர்ட்டில் இறங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

வெயிலுக்கு ஒரே வழி காலை ஆறு மணி. நாலைந்து நிமிட ஆட்டம், நிழலில் தண்ணீர், மறுபடி நாலைந்து நிமிடம். "தண்ணி குடிச்சா வயிறு பிடிக்கும்" என்று பிள்ளைகளைக் காயப்போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து நிறுத்துங்கள். ஓடி ஆடும் அணிக்கு எட்டு ஒன்பது பேர் தயாராக இருக்க வேண்டும். விசில் ஊதாமல் ஆள் மாற்ற முடியாது, வேகமான ஆட்டத்தில் விசிலே மூன்று நான்கு நிமிடம் வராமல் போகும். அதனால் ஒருத்தி மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மாற்று ஆளை ஸ்கோரர் மேஜைப் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பெண்கள் அணியில் நீளமான பாஸ் எல்லாம் பாதியிலேயே விழுந்துவிடுகிறது. கையில் பலம் போதவில்லையா? — வாசகி, வேதாரண்யம்

முதலில் பந்தில் என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல பள்ளிகளில் பையன்களின் 7-ம் நம்பர் பந்தையே பெண்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள், அதன் சுற்றளவு சுமார் 75 சென்டிமீட்டர். பெண்கள் ஆட வேண்டியது 6-ம் நம்பர், சுமார் 72, எடையும் குறைவு. சரியான பந்து வாங்கி ரெண்டு வாரம் எறிந்து பார்த்துவிட்டு, அப்புறமும் விழுந்தால் எழுதுங்கள்.